இருபத்திரண்டு கேள்விகள் எழுதிய ஹவில்தார்

1

“…அதெல்லாம் சரிதான் மேடம். ஆனா இங்க ‘இதில் ஐயமில்லை’ன்னு எழுதியிருக்கே, யாருக்கு ஐயமில்லை? எழுதினவங்களுக்கா, இல்ல படிக்கிற எனக்கா?”

ஓய்வு பெற்ற ஹவில்தார் ஜாதவ் என்னிடம் இப்படிக் கேட்டது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில். பூனாவில், கோர்படி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஒற்றை அறை வீட்டில், நின்றபடியே கேட்டார். அவர் கையில் இருந்தது நான் எழுதிக்கொண்டு போன நாற்பது பக்க நோட்ஸ். ‘ஐயமில்லை’ என்று எழுதியது நான்தான். அவர் என் மாணவர். வயதில் என்னைவிட எட்டு வருஷம் மூத்தவர்.

நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி மராத்தி. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன வாரம் ஒரு பெண் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. மூன்றாவது வரியிலேயே ‘இதில் ஐயமில்லை’. சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆசிரியை, “காய் ஜாலா?” என்றாள். என்ன ஆச்சு என்கிறாள். ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமா? இந்த ஜூனோடு நாங்கள் பூனா வந்து இருபது வருஷம் ஆகிறது. அந்தச் சாக்கில் ஊர்க்காரர்களான உங்களிடம் நிதானமாகச் சொல்கிறேன்.

2

எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கல்யாணமாகி, வீட்டுக்காரருக்கு ராணுவக் கிடங்கில் கிளார்க் வேலை என்பதால் இங்கே வந்தேன். விஷ்ராந்த்வாடியில் இரண்டாவது மாடி வீடு. பி.ஏ.வும் எம்.ஏ.வும் தபாலில் படித்தவள் நான். பாடம் பார்சலாக வரும், பிரிப்பேன், படிப்பேன். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு எதிரில் குக்கர்தான் இருக்கும். அதுவும் விசிலைத் தவிர வேறு பதில் சொல்லாது.

எம்.ஏ.யில் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. கப்பலேறிப் போய்க் குடியேறியவர்களின் நாட்குறிப்புகள், பாதிரிமாரின் பிரசங்கங்கள், பஞ்சாங்கங்களில் அச்சிட்ட பழமொழிகள், அடிமைகளாக இருந்தவர்கள் தப்பித்து வந்து சொன்ன வாழ்க்கைக் கதைகள். யாரும் விரும்பி எடுக்காத தாள். எனக்கு என்னமோ அது சொந்தக்காரர் வீட்டுக் கடிதக்கட்டைப் பிரித்த மாதிரி இருந்தது. எல்லாருமே ஊரைவிட்டு வந்தவர்கள். எல்லாருமே, வந்த இடத்தைப் பற்றிப் பின்னால் விட்டுவந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள். நான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேனே, அதே போல. அப்படி எழுதும்போது எதைக் கூட்டுவோம், எதை மறைப்போம் என்பது எனக்குத் தெரியும். பூனாவில் குளிர் அருமை என்று அம்மாவுக்கு எழுதுவேன். குழாயில் விடியற்காலை ஐந்து மணிக்கு மட்டும்தான் தண்ணீர் வரும் என்று எழுதமாட்டேன்.

அந்த நாட்குறிப்புகளில் ‘ஆளில்லாத நிலம்’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வரும். நாலு பக்கம் தள்ளினால், ‘மக்காச்சோளக் கொல்லையைத் தாண்டி நடந்தோம்’ என்பது போலவும் வரும். நான் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆளில்லாத நிலத்தில் மக்காச்சோளம் தானாக வரிசை கட்டி முளைக்குமா? அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, பென்சிலை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் ‘விதைச்சது யாரு?’ என்று தமிழில் எழுதினேன். என் படிப்பு அந்த வரியில்தான் தொடங்கியது.

கேம்ப் என்கிற கண்டோன்மென்ட் பகுதியில் இருந்த ஒரு கல்லூரியில் மாலை நேர எம்.ஏ. வகுப்புக்கு அந்தத் தாளை நடத்த ஆள் கிடைக்கவில்லை. மணிக்கணக்கு வாத்தியார் வேலை, அதாவது எத்தனை மணி நேரம் பாடமோ அத்தனைக்கு மட்டும் சம்பளம். விண்ணப்பித்தேன். வேறு மாநிலத்துப் பட்டம் என்பதால் ‘மைக்ரேஷன் சர்டிபிகேட்’ கொண்டு வா என்றார்கள். ஊரைவிட்டு வந்ததற்குக்கூடவா சர்டிபிகேட் என்று வீட்டில் வந்து கேட்டேன். அது பல்கலைக்கழகம் கொடுக்கிற காகிதம் என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அது வந்து சேர நாலு மாதம். கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு, நரைத்த மீசைத் தலைமை எழுத்தரை இந்தியில் ‘தும்’ என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் கன்றுக்குட்டிக்குக்கூட ‘வாங்க’ போட்டுப் பேசுவோம். பூனாவுக்கு வந்து பெரிய மனுஷரை ‘நீ’ என்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் கோப்பு அவருடைய மேஜையின் அடியிலேயே கிடந்தது.

3

ஒருவழியாக வேலை கிடைத்து நான் போன முதல் நாள் வகுப்பில் இருபத்தைந்து பேர் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்களாம். கடையில் விற்கும் கைடு அல்லது வாத்தியார் சொல்லும் நோட்ஸ், இரண்டில் ஒன்றை அப்படியே பரீட்சையில் இறக்கிவைப்பது வழக்கம். நான் வகுப்பில் உட்கார்ந்து படித்தவள் இல்லையே, எனக்கு இந்த வழக்கமே தெரியாது. ஆளில்லாத நிலம், மக்காச்சோளம் இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, “இது ரெண்டும் எப்படிச் சேரும்?” என்று கேட்டேன்.

பேனாக்கள் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டன. பின் பெஞ்சில் ஒருவர் எழுந்து அட்டென்ஷனில் நின்றார். ஒட்ட வெட்டிய தலைமுடி, இஸ்திரி போட்ட சட்டை. இளைஞர்கள் அவரை ‘காகா’ என்பார்கள், சித்தப்பா மாதிரி.

“மேடம், நான் பட்டாளத்துல கிளார்க்கா இருந்தவன். முன்னாடி போய்ப் பாத்துட்டு வர்றவங்க ரிப்போர்ட் குடுப்பாங்க. ‘ஏரியா காலி’ன்னு இருக்கும். அப்படி எழுதினவன் பாதி தடவை உள்ளே போயே இருக்கமாட்டான்.”

வகுப்பு முழுக்க சிரித்தது. நான் ‘ஏரியா காலி’யையும் பலகையில் எழுதினேன். ஜாதவ் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

எனக்குப் பழமொழிப் பைத்தியம் உண்டு. காய்கறிக்காரி சொன்னாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். இங்கே ‘நாச்தா யேயீனா, அங்கண் வாக்டே’ என்பார்கள். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். நம் ஊர்க் கூடம் இங்கே முற்றமாகியிருக்கிறது, ஆட்டக்காரி அதே ஆட்டக்காரிதான். அந்த அமெரிக்கப் பஞ்சாங்கப் பழமொழிகளை நடத்தும்போது, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழமொழி கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன், ‘அந்த்ரூண் பாஹூன் பாய் பஸ்ராவே’ என்று கொண்டுவந்தான். படுக்கையைப் பார்த்துக் காலை நீட்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நாம் சொல்வது.

“இதை யார் யார்கிட்ட சொல்லுவாங்க? சொன்னா யாருக்கு லாபம்?” என்றேன்.

எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண் சொன்னாள்: “படுக்கையைச் சின்னதாக் கொடுத்தவனுக்கு, மேடம்.”

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஆசையாகச் சேர்த்த பழமொழிகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டே நின்றேன். என் அப்பா என்னிடம் சொன்னவை, அம்மா சொன்னவை. சிலவற்றைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

4

இனி என் தவறுக்கு வருகிறேன்.

வருஷக் கடைசி வகுப்பில் பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்கு அழகாக ஒரு வாக்கியம் வாயில் வந்தது. “பதிலை யாரும் மனப்பாடம் பண்ணலாம். கேள்வியை எழுதுங்க, அதுதான் பரீட்சை.” எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்கள் அன்றே போய்க் கைடு வாங்கிவிட்டார்கள், அவர்களுக்கு உலகம் தெரியும். ஜாதவ் மட்டும் நோட்டில் அதை எழுதி இரண்டு கோடு போட்டார்.

ரிசல்ட் வந்தது. ஜாதவ் மற்ற தாள்களில் எல்லாம் பாஸ். என் தாளில் நூற்றுக்குப் பன்னிரண்டு.

அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. அந்த வருஷ முடிவுக்குள் எம்.ஏ. முடித்துச் சான்றிதழ் கொடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு வங்கி வாசலில் காவல் வேலை எப்போதும் காத்திருக்கும். அவருக்கு அது வேண்டாம். “பதினேழு வருஷம் மத்தவங்க எழுதினதை டைப் அடிச்சேன் மேடம். இனிமே பசங்களுக்கு எழுதச் சொல்லிக்குடுக்கணும்” என்பார்.

மதிப்பெண் சரிபார்க்க விண்ணப்பம் போட்டோம். படிவம், சலான், சலானுக்கு நகல், நகலுக்குக் கையெழுத்து. ஐந்து வாரம் கழித்துத் தேர்வுப் பிரிவு ஜன்னலில் இருந்த பெண், “பாயி, கூட்டல் சரியா இருக்கு” என்றாள். பாயி என்றால் அம்மா. கூட்டலை மட்டும்தான் பார்ப்பார்களாம், விடையைத் திரும்பப் படிப்பது இல்லையாம்.

ஜன்னலைவிட்டு நகர்ந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, “என்னதான் எழுதினீங்க ஜாதவ்ஜி?” என்று கேட்டேன்.

“நீங்க சொன்னதைத்தான் மேடம். கேள்வி.”

“கேள்வின்னா?”

“குடியேறினவங்க நிலத்தைப் பத்தி எப்படி எழுதினாங்கன்னு கேட்டிருந்தாங்க. இருபத்திரண்டு கேள்வி எழுதினேன். நம்பர் போட்டு. யோசிச்சு எழுதினதுல மத்ததுக்கு நேரமே இல்லை.”

“பதில்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். “பதில் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

என்ன கேள்விகள் என்று கேட்டேன். மனப்பாடமாக வைத்திருந்த அந்த இருபத்திரண்டையும் அவர் அங்கேயே ஒப்பித்தார். ஒன்று: நாட்குறிப்பு எழுதியவர் எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே காவலுக்கு நின்றது யார்? ஒன்பது: ‘நாங்கள்’ என்று எழுதுகிறாரே, சமைத்துப் போட்டவள் அதில் சேர்த்தியா? பதினாறு: அந்த நிலத்துக்கு அங்கே முன்பே ஒரு பெயர் இருந்திருக்குமே, அதை இவர் கேட்டாரா, கேட்டும் எழுதவில்லையா?

இப்படிக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்குப் பன்னிரண்டு. காரணம் என் வாயில் வந்த ஓர் அழகான வாக்கியம். நான் பேச்சை ரசித்துச் சொன்னேன், அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

5

துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் சாப்பாட்டு டப்பாவில் பாதியை எனக்குத் தராமல் சாப்பிடமாட்டார்.

“ஹே பக, இங்க பாரு, உன் ஜவான் கேள்வித்தாளுக்கே கேள்வித்தாள் செட் பண்ணிட்டாராமே” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “நோட்ஸ் கொடு. உன் கெட்டிக்காரத்தனத்துக்கு அவங்க ஏன் விலை கொடுக்கணும்?” என்றார்.

 அக்டோபர் பரீட்சைதான் ஜாதவுக்குக் கடைசி வாய்ப்பு. அவரை எப்படியாவது கரையேற்றிவிடுவது, என் கொள்கை எக்கேடு கெட்டாலும் சரி என்று தீர்மானித்துவிட்டேன். மூன்று வாரம், தண்ணீர் பிடித்து முடித்ததும் உட்கார்ந்து, நாற்பது பக்கம் எழுதினேன். பரிசோதகர் எதிர்பார்க்கிற பதில்கள். குடியேறிகள் துணிச்சல்காரர்கள், இறைப்பற்று மிக்கவர்கள், இதில் ஐயமில்லை.

வீட்டுக்காரர் காபி தம்ளரோடு வந்து எட்டிப்பார்த்தார். “ஏ அம்மிணி, அந்த மனுசன் கேட்டானா உன்னைய, எழுதிக் குடுன்னு?”

“கேக்கலீங்க.”

“அப்பறம் எதுக்கு இந்தப் பாடு? கெடுத்துப்போட்டோம்னு மனசு அடிச்சுக்குதாக்கும்?”

“ஆமாங்க.”

“அப்ப எழுது. ஆனா, அவனுக்காவ எழுதறயா, உன்ற மனசு ஆறோணும்னு எழுதறயான்னு பாத்துக்க” என்றுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். மனுஷர் ஒரு புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்தது.

அப்போது எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பேச்சில் மூன்று பாஷையும் கலந்து வரும். தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “அம்மா, நீயும் கைடு பனாறியா?” என்றாள். கைடு தயார் பண்ணுகிறாயா என்று கேட்கிறாள். இன்றைக்கு அவள் பூனாவின் மறுகோடியில், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நான் தமிழில் அனுப்பும் செய்திக்கு இங்கிலீஷில் பதில் போடுகிறாள். பிள்ளைகள் பாஷையை விட்டுப் போகிறார்களே என்று நாம் எல்லாரும் புலம்புகிறோம். நானும்தான். ஆனால் அன்று அந்தக் கலவைப் பேச்சில் அவள் கேட்டது சரியான கேள்வி. சுத்தத் தமிழில் யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை.

கேட்டும் நான் நிறுத்தவில்லை. முடித்து, நூல் போட்டுத் தைத்து, பையில் வைத்துக்கொண்டு கோர்படிக்குக் கிளம்பினேன்.

6

ஜாதவின் மனைவியை நான் ‘வஹினி’ என்பேன், அண்ணி. தட்டில் போஹே, நம் ஊர் அவல் உப்புமா, வைத்துக் கொடுத்தாள். ஜாதவ் நோட்ஸை நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டார். யாருக்கு ஐயமில்லை?

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “ஜாதவ்ஜி, இது கேக்கற நேரமில்லை. இதை அப்படியே எழுதுங்க, பாஸாகுங்க, வேலையை வாங்குங்க. அதுக்கப்புறம் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கங்க.”

வஹினி நடுவில் புகுந்தாள். “நல்லாச் சொல்லுங்க மேடம்! பருப்புல உப்பு சரியா இருக்குன்னு சொன்னா, யாருக்குச் சரியா இருக்குன்னு கேக்கறார். பட்டாளத்துல இருந்து வந்தப்ப நல்ல மனுஷனா இருந்தார். இந்த வியாதியை நீங்கதான் ஒட்டவெச்சீங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “தப்பு என்னோடது ஜாதவ்ஜி. வாய்க்கு ருசியா இருந்துச்சு, சொல்லிட்டேன். உங்க வருஷம் போச்சு” என்றேன்.

“உங்க ஹுகும், அந்த உத்தரவு, தப்பில்லை மேடம்” என்றார் மெதுவாக. “பாதி ஹுகும். மீதிப் பாதி எனக்கே தெரியும், ஹால்ல மறந்துட்டேன்.”

“என்ன மீதி?”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஆபீஸ்ல ஒரு விஷயம் தப்பாப் படுதுன்னா, கர்னல் சாப் மேஜைக்கு வெறும் கேள்வியா அனுப்ப மாட்டோம். தூக்கி எறிவார். அவரோட வேலையை அவர் தலையிலேயே கட்டின மாதிரி ஆயிடும். கேள்வியை எழுதணும். அதுக்குக் கீழே, இந்தக் கடிதம், இந்தப் பக்கம், இந்தப் பத்தின்னு ஆதாரம் காட்டணும். கடைசியில, ‘ஆகவே இப்படித் தோன்றுகிறது’ன்னு ஒரு வரி நாமளே துணிஞ்சு எழுதணும். அவருக்குப் பிடிக்கலேன்னாலும் ஆதாரம் இருந்தா கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். எக்ஸாமினரும் ஒரு ஆபீசர்தானே?”

 நான் தனியாகப் படித்தவள். என் கேள்விக்குப் பதில் கேட்டு எதிரில் யாரும் உட்கார்ந்திருந்தது இல்லை. ‘விதைச்சது யாரு?’ என்று ஓரத்தில் எழுதிவிட்டால் எனக்குப் போதும், மனசு நிறைந்துவிடும். அதையே வகுப்புக்கும் கொண்டுபோய்விட்டேன். கேட்கிறவர் அதோடு நின்றுவிடக் கூடாது, பக்கத்தைக் காட்டித் தன் பெயரில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது எனக்கே அந்த அறையில்தான் விளங்கியது. அடுத்த ஜூனிலிருந்து இன்றுவரை நான் நடத்துகிற பாடம் அதுதான். நோட்ஸ் கொடுப்பதில்லை. துறைத் தலைவிகள் மாறிவிட்டார்கள், நான் மாறுவதாக இல்லை.

அவர் அக்டோபரில் பாஸானார். மார்க் பெரிதாக ஒன்றுமில்லை, கரையேறுகிற அளவுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலையும் நிலைத்தது. ஆனால் அன்று அந்த அறையில் இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

“இதையே படிச்சிடுங்களேன், ஒரு பாதுகாப்புக்கு” என்று கடைசியாக ஒரு தடவை கெஞ்சினேன்.

ஜாதவ் கட்டிலுக்கடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்து முன்னால் போட்டார். என் நாற்பது பக்கத்தையும் குப்புறத் திருப்பி, எழுதாத பின்பக்கம் மேலே வரும்படி அதன்மேல் வைத்தார். முதல் தாளில் தன் தேர்வு எண்ணை எழுதினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் மூலையில் நிறுத்தினார். “மூணு மணி நேரம், யாரும் கூப்பிடக்கூடாது” என்று வஹினியிடம் சொன்னார். பிறகு எழுந்து, வகுப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, “மாஃப் கரா மேடம், மன்னிக்கணும், பரீட்சை நடக்கறப்ப பாடம் நடத்தினவங்க ஹால்ல இருக்கக்கூடாது” என்று என்னை வாசற்படிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.